முதல் மரக்கால்

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று சொல்வார்கள். எங்கள் களத்தில் அந்தப் பேச்சு எடுபடாது. நெல்லைத் தூற்றி, அம்பாரம் குவித்து, அளக்க உட்கார்ந்தால் முதல் மரக்கால் சாமிக்கு. அம்பாரம் எத்தனை கலம் காணும், கடன் போக என்ன நிற்கும், வருஷச் சாப்பாட்டுக்குத் தேறுமா என்று ஒருவருக்கும் தெரியாத நேரத்தில் அது தனியே போய்விடும். மிஞ்சுவது இன்னதென்று தெரிந்த பிறகு எடுத்துக் கொடுப்பது பெரிய காரியமில்லை. தெரிவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும். பக்தி என்று என் அப்பா எனக்கு எதையாவது கற்றுக்கொடுத்தார் என்றால் இதைத்தான். அவருக்குத் தேவாரம் பாடத் தெரியாது. பிரதோஷத்துக்குப் பிரதோஷம் கோயிலுக்குப் போவார், நந்திக்குப் பின்னால் நின்று கும்பிடுவார், தீபாராதனை முடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை பார்க்கக் கிளம்பிவிடுவார்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது மரபு. அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலத்துப் பக்கம் மூணாறு தலைப்பில் பிரிந்து, மேல்மடைக்காரர்கள் எல்லோருக்கும் பாய்ந்த பிறகு எங்கள் வாய்க்கால் வாயைத் தொடும்போது ஆடி பிறந்திருக்கும். சில வருஷம் ஆடியே முடிந்திருக்கும். மேலே குறுவை அறுத்துவிட்டுத் தாளடி நடுகிறார்கள். நாங்கள் பெரும்பாலும் ஒருபோகச் சம்பாக்காரர்கள். கோடை மழை ஈரத்தில் புழுதி உழவு ஓட்டி, ஆவணியில் நேரடியாக விதைத்து, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பயிரைக் காப்பாற்றி, தையில் அறுப்போம். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது மண் மெழுகுப்பதத்தில் இருக்க வேண்டும். அந்தப் பதம் பார்த்து, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். நெல்லை அறுத்த தாளுக்கு இடையில், பனி ஈரத்தைக் குடித்தே உளுந்து வளர்ந்துவிடும். கையில் நாலு காசு பார்ப்பது அந்த உளுந்தில்தான்.

சொந்தம் ஆறு மா, குத்தகை பத்து மா. மூன்று மா ஓர் ஏக்கர். குத்தகை நிலம் முழுக்க எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்குச் சேர்ந்தது. தாத்தா காலத்திலிருந்து எங்கள் கையில் இருக்கிறது. பட்டாவில் உடைமைக்காரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சாமி பெயர் இருக்கும். சின்ன வயதில் அந்தக் காகிதத்தை முதல்முறை பார்த்தபோது, கருவறையில் இருப்பவரும் இந்தக் காகிதத்தில் இருப்பவரும் ஒருவர்தானா என்று அப்பாவிடம் கேட்டேன். ஆமாம் என்று மட்டும் சொன்னார். அந்த ஆமாமை வைத்துத்தான் நான் இத்தனை வருஷம் அந்த வயலில் இறங்கியிருக்கிறேன். வரப்பை ஒரு சாண் வெட்டி நம் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அங்கே வராது. யூரியாவை அள்ளிப் போட்டு ஒரு வருஷம் ஏமாற்றலாம் என்ற எண்ணமும் வராது. குத்தகைப் பாக்கி, ரசீது, மறுநிர்ணயம் என்று அலுவலகத்தோடு அவ்வப்போது இழுபறி வரும். அது மனிதர்களோடு உள்ள வழக்கு, அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்வோம். அதைக் கொண்டுவந்து சாமி தலையில் நான் வைத்ததில்லை.

களத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இப்போதுள்ள பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள்.

அறுத்த கட்டுகளைத் தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுவந்து அடிப்பார்கள். அடித்த தாளில் ஒட்டிக்கொண்டிருக்கும் மணிக்காக மாடுகளைப் பிணைத்துப் போரடிப்பார்கள். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து முறத்தில் தூற்றினால் பதர் பறந்து ஒரு பக்கம் விழும், மணி நேராக இறங்கும். குவித்த அம்பாரத்தின் உச்சியில் சாணிப் பிள்ளையார் பிடித்து அருகம்புல் செருகுவார்கள். அம்பாரத்தைச் சுற்றிச் சாம்பலால் குறி போடுவார்கள். இரவில் யாராவது கை வைத்தால் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். அளவுகாரர் குளித்துவிட்டு வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அம்பாரத்துக்கு முன்னால் குந்துவார். எங்கள் களத்தில் அளந்தவர் தெற்குத் தெருப் பெரியவர் ஒருவர். கை நீளமான மனிதர். மரக்காலை நெல்லுக்குள் அமுக்கி எடுத்தால் ஒரு மணி வெளியே சிந்தாது. முதல் மரக்காலை எடுக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார், லாபம் என்பார். அடுத்தது ரெண்டு, பிறகு மூணு. பன்னிரண்டு மரக்கால் ஆனால் ஒரு கலம். அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போது களத்தில் யாரும் பேசக் கூடாது, குறுக்கே நடக்கக் கூடாது. எண்ணிக்கை தவறினால் கலகம் வரும் என்பதால் மட்டும் அந்த அமைதி இல்லை. அந்த நேரத்தில் களம் கோயில்தான்.

சாமி மரக்கால் போனதும் சுதந்திரம், அதாவது ஊருக்கு வேலை செய்தவர்களுக்கு உரிய பங்கு, அளப்பார்கள். கலப்பை செய்த ஆசாரிக்கு, கொழு அடித்த கொல்லருக்கு, துணி வெளுத்தவருக்கு, முடி வெட்டியவருக்கு, வாய்க்கால் பார்த்தவருக்கு, சுடுகாட்டில் பிணம் எரித்தவருக்கு, கோயில் குருக்களுக்கு, மேளக்காரருக்கு. எல்லோரும் முறத்தோடும் சாக்கோடும் களத்தோரம் உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் பிறகு அறுத்தவர்களுக்குக் கூலி. கடைசியில்தான் வீட்டுக்கு. நன்றாக விளைந்த கதிர்களாகப் பார்த்து ஒரு பிடி எடுத்துக் குஞ்சம் பின்னி வீட்டு நிலையில் ஒன்றும் கோயில் மண்டபத்தில் ஒன்றும் தொங்கவிடுவார் அம்மா. அது சிட்டுக்குருவிக்கு.

இப்போது களம் இல்லை. பெல்ட் வண்டி வயலுக்குள் இறங்கி, அறுத்து, அடித்து, தூற்றி, நேராக டிராக்டர் டிப்பரில் கொட்டிவிடுகிறது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஆள் கிடைக்காத காலத்தில் இந்த வண்டி இல்லையென்றால் எங்கள் பக்கம் நெல் வயலிலேயே முளைத்துப் போயிருக்கும். எனக்கு அதன்மேல் வருத்தம் கிடையாது. முதல் மரக்காலை எங்கே நின்று பிடிப்பது என்பது மட்டும்தான் கேள்வியாக இருந்தது. வண்டியின் கொட்டுகுழாய்க்குக் கீழேயே பிடிப்பது என்று முடிவு செய்தேன். முதல் வருஷம் வந்த ஓட்டுநர் ஆத்தூர்ப் பக்கத்துப் பையன். குளித்துவிட்டு, நெற்றியில் திருநீற்றோடு, கையில் பித்தளை மரக்காலோடு நான் டிப்பரில் ஏறி நிற்பதைப் பார்த்து, “பெரியவரே, மணி ஓடுதே” என்றான்.

“ஒரே ஒரு மரக்கால் தம்பி. மெதுவாத் திறந்து விடு.”

வேகத்தைக் குறைத்துத் திறந்துவிட்டான். சூடான நெல் மரக்காலில் விழுந்து கோபுரமாக நின்றது. நான் இறங்கி வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு அவனும் இறங்கினான். மரக்காலிலிருந்து ஒரு சிட்டிகை கேட்டு வாங்கிப்போய், ஓட்டும் இடத்தில் ஒட்டியிருந்த முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டான். அடுத்த தையிலும் அவனே வந்தான். நான் ஏறுவதற்கு முன்பே குழாயைத் திருப்பி வைத்திருந்தான்.

அந்த மரக்கால் நெல் என்ன ஆகிறது என்று கேட்பீர்கள். ஊரில் ஒவ்வொரு வீட்டு முதல் மரக்காலும் கோயில் மடப்பள்ளியை ஒட்டிய குதிரில் சேரும். ஐப்பசிப் பௌர்ணமி வரை அதை யாரும் தொடுவதில்லை. அன்றைக்கு அன்னாபிஷேகம்.

ஐப்பசி எங்கள் பக்கம் எப்படிப்பட்ட மாதம் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அந்த விழா புரியும். வயலில் சம்பா தூர்கட்டிக்கொண்டிருக்கும், அறுப்புக்கு இன்னும் மூன்று மாதம் போக வேண்டும். போன தையில் கட்டிய நெல் குதிரில் அடி தெரியும். விடாத மழை. களையெடுப்பு முடிந்துவிட்டால் கூலி வேலை கிடையாது. வருஷத்தில் வயிறு காய்கிற மாதம் அதுதான். அந்த மாதத்தில், பௌர்ணமியாகப் பார்த்து, ஊர் நெல்லையெல்லாம் பச்சரிசியாக்கி, வடித்து, ஆற வைத்து, லிங்கத்தின் மேல் அடியிலிருந்து உச்சி வரை சோறாகவே சாத்தி மூடுகிறோம். சோறு குழையக் கூடாது, குழைந்தால் நிற்காமல் வழியும். விறைக்கவும் கூடாது, விறைத்தால் ஒட்டாது. மடப்பள்ளியில் அண்டாவுக்கு அண்டா பதம் பார்த்து இறக்குவது பெரிய கலை. சாயரட்சை முடிந்ததும் சாத்திய அன்னத்தைக் கலைப்பார்கள். பாணத்தின் மேலிருந்த சோற்றைக் குளத்தில் கரைப்பார்கள், மீன்களுக்கு. மீதியைத் தயிரும் குழம்புமாகப் பிசைந்து ஊருக்கு. பெரிய கோயில்களில் கையளவு பிரசாதம் கிடைக்கும். எங்கள் ஊரில் வயிறு நிறைய இலை போட்டுச் சோறு. தையில், நிறைய இருந்தபோது ஒதுக்கியது, இல்லாத மாதத்தில் சாமி வழியாகத் திரும்பி வருகிறது. இதை ஏற்படுத்தியவர்கள் யார் என்று தெரியாது. ஐப்பசிப் பசியைப் பட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் கோயில் வழக்கங்கள் பலவற்றில் இப்படி வேளாண்மை உள்ளே இருக்கும். ஆடியில் அம்மனுக்குக் காப்புக் கட்டியதும் பெண்கள் முளைப்பாரி போடுவார்கள். மண்ணும் எருவும் பரப்பிய ஓட்டில், வீட்டில் விதைக்கு வைத்திருக்கும் தானியங்களையே தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். ஊர்வலத்தன்று தலையில் சுமந்து போகும்போது யார் முளைப்பாரி எவ்வளவு உயரம், எங்கே சொட்டை என்று ஊரே பார்க்கும். என் அம்மா ஒருமுறை தன் ஓட்டைப் பார்த்துவிட்டு, அந்த வருஷ விதைநெல்லை அரைவைக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். அப்பா மறுபேச்சுப் பேசாமல் வேறு வீட்டில் விதை மாற்றிக்கொண்டு வந்தார். ஆவணி விதைப்புக்கு முந்தைய மாதத்தில் ஊரிலுள்ள விதை முழுக்கச் சோதனையாகிவிடுகிறது. அம்மாவிடம் அதைச் சோதனை என்று சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். அவருக்கு அது அம்மன் சொன்ன வார்த்தை. இரண்டும் ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

சித்திரை முதல் நாள் நல்லேர் பூட்டுவதும், ஆடிப்பெருக்கில் ஆற்றுக்குப் படைப்பதும், மாட்டுப் பொங்கலும் எல்லா ஊரிலும் உள்ளவைதான். மாடு போய் டிராக்டர் வந்த பிறகும் நல்லேரை விடவில்லை. வண்டி முகப்பில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, சனிமூலை பார்த்து ஒரு சுற்று ஓட்டுகிறோம். ஜாம்புவானோடை தர்காவுக்குக் கந்தூரி சமயத்தில் போய்வருகிற குடும்பங்களும் எங்கள் தெருவில் உண்டு. நெல்லுக்கு மழை வேண்டும் என்று கேட்கிற இடத்தில் நாங்கள் வாசல் பார்ப்பதில்லை.

அறுபத்து மூவரில் உழவர் குடியில் பிறந்தவர்கள் பலர். அவர்களில் இரண்டு பேரை நான் நாயன்மார்களாக மட்டும் பார்ப்பதில்லை. இந்த வேலை தெரிந்தவர்களாகவும் பார்க்கிறேன். இளையான்குடி மாற நாயனார் வீட்டுக்கு, ஒன்றுமில்லாத வறுமைக் காலத்தில், மழை இரவில் ஓர் அடியார் பசியோடு வருகிறார். பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை இருட்டில் போய் வாரிக்கொண்டு வந்து, அம்மையார் அதைக் கழுவி, வறுத்து, குத்திச் சோறாக்குகிறார். கதாகாலட்சேபத்தில் இந்த இடத்தைச் சொல்லும்போது கேட்பவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். விவசாயிக்கு வயிறு கலங்கும். விதைத்ததை எடுப்பதென்றால் வருகிற தை இல்லை என்று அர்த்தம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். முளைநெல்லை வறுத்துக் குத்தினால் அரிசியாகும் என்பது நெல்லோடு வாழ்ந்தவருக்கே தெரிந்த விஷயம். பெருமழையில் நெல் நனைந்து முளை கண்ட ஒரு வருஷம் என் அம்மா அப்படித்தான் பானையில் வறுத்துச் சமாளித்தார். சோறு லேசாக இனிக்கும். இதைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழாரோ அவருக்குக் கதை சொன்னவர்களோ அந்தச் சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்றே நம்புகிறேன்.

மற்றவர் அரிவாட்டாய நாயனார். கணமங்கலத்துக்காரர், எங்களுக்குப் பக்கம். திருத்துறைப்பூண்டியிலிருந்து போகும் தூரத்தில் தண்டலைச்சேரியில் அவர் பெயரோடு சேர்ந்த கோயில் இருக்கிறது. நாள்தோறும் செந்நெல் அரிசிச் சோறும் கீரையும் மாவடுவும் சாமிக்குப் படைத்தவர். செல்வம் போன பிறகும் நிறுத்தவில்லை. அடுத்தவர் வயலில் கூலிக்கு நெல் அறுத்தார். கூலியாக வந்த செந்நெல் சாமிக்கு, கார்நெல் தனக்கு. ஊர் வயலெல்லாம் செந்நெல்லாகவே விளைந்த காலத்தில் வந்ததெல்லாம் சாமிக்கு, தனக்குக் கீரை. ஒரு நாள் தளர்ந்து கால் தடுக்கி, சுமந்துபோன சோறும் கீரையும் மாவடுவும் வயல் வெடிப்பில் கொட்டிவிட்டது. அன்றைக்குப் படையல் இல்லையே என்று அரிவாளைக் கழுத்தில் வைத்தபோது, அந்த வெடிப்புக்குள்ளிருந்து கை நீண்டது, மாவடுவைக் கடிக்கும் சத்தம் கேட்டது என்பது புராணம். எங்கள் களிமண் மாசி பங்குனியில் கை நுழையும் அளவு வெடிக்கும். நான் உளுந்து பிடுங்கும் காலத்தில் அந்த வெடிப்புகளைத் தாண்டாமல் சுற்றிப் போவேன்.

இந்தக் கதையில் ஒன்றை எங்கள் ஊர் வெகுகாலம் சரியாகக் கேட்கவில்லை. அரிவாட்டாயர் கூலிக்கு அறுத்தவர். சாமி கை நீட்டி வாங்கியது கூலி நெல்லை. அப்படியிருக்க, எங்கள் களத்தில் அறுத்தவர்களின் நிலை என்ன? முதல் மரக்கால் நெல்லை உழுது, விதைத்து, களையெடுத்து, அறுத்து, தலையில் சுமந்து வந்த தெற்குத் தெருச் சனங்கள் அன்னாபிஷேகச் சோற்றைக் கோயிலுக்கு வெளியே நின்று வாங்கினார்கள். களத்தில் அளந்த அந்தப் பெரியவரின் கை பட்ட நெல் கருவறை வரை போனது. அவர் போனதில்லை. கோயில் நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலேயே வந்துவிட்டது. எங்கள் தெருவைத் தாண்டி அது உள்ளே வர நிறைய வருஷம் பிடித்தது. கோயிலுக்கு வெளியே நின்ற நந்தனாரின் கதையை மண்டபத்தில் உருகிக் கேட்டவர்கள்தான் நாங்கள்.

கீழ்வெண்மணி எங்களுக்குத் தொலைவில்லை. அப்போது எல்லாம் ஒரே தஞ்சாவூர் ஜில்லா. கூலி நெல் உயர்த்திக் கேட்ட போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது, 1968 டிசம்பர் 25 இரவில், அங்கே ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். நான் சிறுவன். மறுநாள் எங்கள் ஊரில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடுத்து வந்த தை அறுப்பில், சாமி மரக்கால் போனதும், கூலி அளக்க உட்கார்ந்த பெரியவரிடம் அப்பா, “கூலி மரக்காலத் தலை தட்டாத” என்றார். அதுவரை சாமிக்கு அளப்பதுதான் கோபுரமாக இருக்கும். மற்றதெல்லாம் கையால் வழித்துத் தட்டித்தான் அளக்கும் வழக்கம். பெரியவரை அப்பா ஒருமையில்தான் கூப்பிடுவார், அன்றைக்கும் ஒருமையில்தான் சொன்னார். பெரியவர் “சரிங்க ஆண்டே” என்றார். அந்த மரியாதைச் சொல்லும் அந்த ஒருமையும் எங்கள் வீட்டிலிருந்து போக இன்னொரு தலைமுறை ஆனது. கூலி மரக்கால் மட்டும் அன்றிலிருந்து தலை தட்டப்படவில்லை. பக்கத்துக் களத்தில் அப்பாவைத் திட்டினார்கள், பழக்கத்தைக் கெடுக்கிறான் என்று. அவர் பதில் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

பெரியவரின் பேரன்தான் இப்போது அன்னாபிஷேகத்துக்கு மடப்பள்ளியில் பதம் பார்க்கிறவர். பந்தி ஒன்று. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எப்போதோ நடந்திருக்க வேண்டியது.

விளைச்சல் இல்லாத வருஷத்தில் முதல் மரக்காலுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டால், அந்த வருஷமும் கண்டோம். 2012-இலிருந்து எட்டு வருஷம் மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கவில்லை. 2016-இல் ஆற்றுத் தண்ணீரும் சரியாக வரவில்லை, வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. நேரடி விதைப்பு ஒரு சாண் எழும்பி, சுருண்டு, வெளுத்தது. மாட்டை அவிழ்த்து மேய விட்டோம். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டையே வறட்சி மாநிலமாக அறிவித்தார்கள். டெல்டாவில் அந்த மாதங்களில் கருகிய பயிரைப் பார்த்து விழுந்தவர்களும் உயிரை விட்டவர்களும் உண்டு. எங்களுக்குத் தெரிந்த வீடுகளிலும் அது நடந்தது. சாமி இருக்கிறாரா என்று கேட்டவர்களை நான் கோபித்துக்கொள்ளவில்லை. இழவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதற்குப் பதில் சொல்லவும் கூடாது.

தை வந்தது. அறுக்க ஒன்றுமில்லை. என் மனைவி விதைக்கென்று கட்டி வைத்திருந்த கோட்டையை அவிழ்த்தார். அதில் ஒரு மரக்காலை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து, “கொண்டுபோய்க் குதிர்ல போட்டுட்டு வாங்க” என்றார். விதைநெல்லிலா என்று கேட்க வந்தேன், வாய் வரவில்லை. நான் கோயிலுக்குப் போனபோது இன்னும் சிலரும் அதே மாதிரி முடிச்சோடு நின்றார்கள். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஐப்பசியில் அன்னம் லிங்கத்தின் பாதிக்குத்தான் காணும் என்று குருக்கள் கணக்குப் போட்டார். அதிலும் குறைத்துச் சாத்தினால் போதும், மீதி அரிசியைச் சமைத்து ஊருக்குப் போடலாம் என்று பெண்கள் சொன்னார்கள். அப்படியே நடந்தது. கஜா புயல் 2018 நவம்பர் 16 விடிகாலையில் எங்களைப் புரட்டிப் போட்டபோதும் முதலில் திறந்தது அந்தக் குதிரைத்தான். தென்னை எல்லாம் சாய்ந்து, கரண்டு இல்லாமல், கூரை இல்லாமல் ஊரே மண்டபத்தில் கிடந்தது. சாமி நெல் மிச்சம் இருந்தது. அரைக்க மில் ஓடவில்லை என்பதால் உரலில் குத்தினார்கள்.

வறட்சிக்குப் பிறகு விதை விஷயத்தில் என் வழி கொஞ்சம் மாறியது. ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006-இலிருந்து நெல் திருவிழா நடத்திவந்தார். இயற்கை விவசாயத்தில் நம்மாழ்வார் காட்டிய வழியில் போனவர், 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்தவர். 2018 டிசம்பரில் காலமானார். அந்தத் திருவிழாவில் விதைக்கு விலை இல்லை. இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த நாலு கிலோ வேறு இரண்டு பேருக்குப் போகும். முதல்முறை அந்த நிபந்தனையைக் கேட்டபோது எங்கள் குதிர் நினைவுக்கு வந்தது. காட்டுயானமும் குழியடிச்சானும் வாங்கி வந்தேன். காட்டுயானம் ஆள் உயரத்துக்கும் மேலே போகும், கார்த்திகை வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீரிலும் தலை காட்டி நிற்கும். குழியடிச்சான் உப்பு ஏறிய நிலத்திலும் சலிக்காமல் வரும். கடல் பக்கத்து மண்ணுக்கு இது பெரிய வரம்.

அதற்காக முழு நிலத்தையும் நாட்டு நெல்லுக்கு மாற்றிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். பெரும்பகுதி இன்னமும் சி.ஆர். 1009தான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்குள் காயவைத்து, 40 கிலோ மூட்டையாகப் போட்டுப் பணம் வாங்கினால்தான் குத்தகையும் கடனும் அடையும். மழை நேரத்தில் நெல்லைச் சாலையில் கொட்டிக் காத்துக் கிடப்பது தனிக் கஷ்டம், இங்கே அதை விரிக்கவில்லை. இரண்டு மாவில் மட்டும் நாட்டு நெல், உரமும் மருந்தும் காட்டாமல். சாமி மரக்கால் இப்போது அந்த இரண்டு மாவிலிருந்து போகிறது. நாமே சாப்பிடத் தயங்குவதை அவர் தலையில் சாத்துவது சரியில்லை என்று பட்டது.

எனக்குப் பிறகு நிலத்தைப் பார்க்கப்போவது மகள். மகன் திருப்பூரில் இருக்கிறான். நல்ல வேலை, நான் கூப்பிடவில்லை. மகளை நாலு ஊர் தள்ளித்தான் கட்டிக்கொடுத்தோம். கஜாவுக்குப் பிறகு அவளும் மாப்பிள்ளையும் இங்கேயே வந்துவிட்டார்கள். குத்தகையை அவள் பெயருக்கு மாற்ற மனு கொடுத்திருக்கிறோம், நடையாக நடக்கிறாள். போன தையில் பெல்ட் வண்டியின் குழாய்க்குக் கீழே மரக்கால் பிடித்ததும் அவள்தான். பொம்பளை பிடிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அம்மன் முளைப்பாரியை யார் சுமக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டுவிட்டு ஏறிவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கணக்குப் பார்க்கும்போது என்னிடம் ஒன்று கேட்டாள். “ஏம்ப்பா, தாத்தா கூலி மரக்காலத் தலை தட்டக் கூடாதுன்னாங்க. நாம ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு ஒரு கூலி குடுக்கிறோமே, அது தலை தட்டுறது இல்லையா?”

ஊர் வழக்கம் அப்படித்தானேம்மா என்றேன்.

“தலை தட்டுறதும் ஊர் வழக்கமாத்தான் இருந்துச்சு.”

அடுத்து உளுந்து பிடுங்க வந்தவர்களுக்கு எல்லோருக்கும் ஒரே கூலியாகக் கொடுத்தாள். பக்கத்து வயல்காரர்கள் என்னிடம் வந்து பேசிப் பார்த்தார்கள், இரண்டு பேர் சண்டையாகவே பேசினார்கள். நிலம் அவள் கையில், அவளிடம் பேசுங்கள் என்று அனுப்பிவிட்டேன். கோடை உழவுக்கு டிராக்டர் சொல்லியாகிவிட்டது. குழியடிச்சான் விதை மூன்று வீடுகளுக்கு அளந்து கொடுத்திருக்கிறாள், அடுத்த தையில் இரட்டிப்பாகத் திரும்பி வர வேண்டும். சம்பாக் களையெடுப்புக்கும் ஒரே கூலிதான் என்று தெற்குத் தெருவில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.